ஒற்றைக்கண் பறவையும் ஜார்ஜ் என்கிற நத்தையும்

போன வாரம் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே ஞாயிறு காலை, இங்கே ஹோனலுலுவில் இன்னும் சனிக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல "இந்த செமஸ்டர் என்ன மக்ளே எழுதிட்டிருக்க?" என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு பறவையையும் ஒரு நத்தையையும் ஒப்பிட்டு வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ரெண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "நத்தைக்கு என்ன வரலாறு? இங்க வாழை மூட்டுல கெடக்கத உப்பு போட்டுக் கொன்னே எனக்கு கை கடுக்கு. நீ அதுக்குப் போயி கடன் வாங்கிப் படிக்கியா?"

நியாயமான கேள்வி. அம்மா உப்பு போடுகிற அந்த நத்தைக்கும் என் கட்டுரைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதை அப்போது சொல்லவில்லை. சொன்னால் பில் ஏறும் :-) அதனால் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்கி: நான் உயிரியல் படிக்கவில்லை. வரலாறு முதுகலை. விலங்கியல் படித்த பதிவர்கள் யாராவது படித்தால் பிழை இருக்கும் இடத்தில் காதைத் திருகலாம்.

செமினாரில் கொடுத்த தலைப்பு இதுதான்: ஒரு உயிரினத்தின் கடைசி நாளை வரலாற்று மாணவன் எப்படி எழுதுவது? ஆளுக்கு ரெண்டு உயிரினத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிடணும். சக மாணவர்கள் எல்லாம் டோடோ, பயணப்புறா, டாஸ்மேனியப் புலி என்று பெரிய தலைகளை முதல் நாளே அமுக்கிவிட்டார்கள். லேட்டாகப் போனவனுக்கு ஹவாயிலேயே கிடைத்த ரெண்டு பேர் இவர்கள். ஒன்று மாவி தீவில் வாழ்ந்த போஒஉலி என்கிற பறவை. இன்னொன்று ஓவாஹு தீவில் வாழ்ந்த அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்கிற மரநத்தை. பறவையின் கடைசி ஆள் 2004 நவம்பர் கடைசியில் செத்தது. நத்தையின் கடைசி ஆள் 2019 ஜனவரி 1-ஆம் தேதி. ரெண்டுமே கூண்டுக்குள். ரெண்டுமே தனியாக.

முதலில் நத்தை. அதுதான் சீனியர்.

1780-களின் கடைசியில் ஜார்ஜ் டிக்சன் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஓவாஹு தீவுக்கு வந்தார். கம்பளித்தோல் வியாபாரத்துக்காக அமெரிக்க வடமேற்குக் கரைக்கும் இங்கேயுமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். இந்த ஊரில் யார் வந்தாலும் கழுத்தில் மாலை போடுவார்கள், லெய் என்று பெயர். (இப்போது டூரிஸ்டுகளுக்குப் பூமாலை. அதுவும் காசுக்கு.) டிக்சன் கைக்குக் கிடைத்த மாலை நத்தை ஓடுகளால் கோர்த்தது. அதிலிருந்த ஒரு ஓட்டை அவர் 1789-ல் வெளியிட்ட உலகப் பயண நூலில் விவரித்தார். நுனி மட்டும் மஞ்சள் நிறம். அதனால் லத்தீனில் 'அபெக்ஸ் ஃபுல்வா', பழுப்பு மஞ்சள் நுனி. ஹவாய் தீவுகளின் மரநத்தைகளில் ஐரோப்பிய அறிவியல் ஏட்டில் முதலில் பதிவானது இதுதான். ஆக, அறிவியலுக்குள் இது உயிரோடு நுழையவில்லை. ஏற்கெனவே செத்து, ஓட்டை போட்டு, நூலில் கோர்த்த நிலையில்தான் நுழைந்தது.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. அதே 1789-ல் இன்னொரு 'ஃபுல்வா'வும் பெயர் வாங்கியது. பொன்னிற உப்புக்கொத்தி, ஹவாய் மொழியில் கோலேயா. அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு குளிர்காலத்துக்கு ஹவாய் வரை கடலின்மேல் நிற்காமல் பறந்து வருகிற பறவை. இதன் வேறு கூட்டங்கள் சைபீரியாவிலிருந்து நம்ம ஊர்க் கடற்கரைக்கும் கோடியக்கரைக்கும் வரும். ஹவாய் மக்களின் பழைய பாட்டு ஒன்றில் மரநத்தை இந்தக் கோலேயாவைக் கூப்பிட்டு, பெரணியில் நிற்கிற பனித்தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லும். நத்தைக்குத் தன்னால் நகர்ந்து போக முடியாது, பறவைக்கு முடியும். அவர்கள் இந்த நத்தைகளை காஹூலி என்பார்கள். ராத்திரிக் காட்டில் அது பாடும் என்றும் நம்பினார்கள். நத்தை எங்கே பாடுவது, பக்கத்தில் இருந்த சில்வண்டாக இருக்கும் என்று அறிவியல்காரர்கள் விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். பாட்டு எழுதியவர்களுக்கு அது நத்தைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நத்தையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆளும், பார்த்தால் கோபம் வருகிற ஆளும் ஒருவரேதான். ஜான் தாமஸ் கியூலிக். 1832-ல் கவாய் தீவில் பிறந்தவர், கிறிஸ்துவ மிஷனரி வீட்டுப் பிள்ளை. 1850-களின் தொடக்கத்தில் ஓவாஹுவில் நத்தை ஓடு சேகரிப்பது ஒரு ஜுரம் மாதிரி பரவியிருந்தது. நாம் தீப்பெட்டிப் படமும் தபால்தலையும் சேர்த்த மாதிரி மிஷனரிப் பிள்ளைகள் ஓடு சேர்த்தார்கள். கியூலிக் அதில் மன்னன். ஒரு சில வருஷத்துக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேலான ஓடுகள்! அவரே மரம் மரமாக ஏறி எடுத்ததில்லை. பெரும்பாலானதைக் காசு வாங்கிக்கொண்டு பொறுக்கிக் கொடுத்தவர்கள் உள்ளூர் ஹவாய் மக்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் தேடினால் கிடைக்காது. (இதைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், பேராசிரியர் கேட்டால்.)

ஆனால் ஆள் சும்மா சேர்த்துவைக்கவில்லை. எந்த ஓடு எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தார். ஓவாஹுவின் மலைகள் கத்தி முனை மாதிரி கூர்மையான முகடுகள். ரெண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதே மழை, அதே மரம், அதே காற்று. ஆனால் முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நத்தை, அந்தப் பக்கம் வேறு நிறத்தில் வேறு கோட்டோடு வேறு நத்தை. சூழ்நிலை ஒன்றாக இருக்கும்போது இனம் ஏன் மாறுகிறது? பிரிந்து கிடப்பதே மாற்றத்துக்குப் போதுமான காரணம் என்று கியூலிக் முடிவுக்கு வந்தார். பின்னால் பாதிரியாராக சீனா, ஜப்பான் எல்லாம் போனவர் இதை விடவில்லை. 1872-ல் நேச்சர் இதழில் கட்டுரை எழுதினார், அதே வருஷம் டார்வினை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். வாலஸ் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத சூழல் வேறுபாடு இருக்கும் என்றார். அந்தச் சண்டை வேறு வேறு பெயரில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். பரிணாமத்தில் தனிமைப்படலின் பங்கு என்ன என்கிற கேள்விக்கு ஓவாஹு நத்தைகள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அந்தச் சாட்சி சொல்ல அவை நாற்பதாயிரம் பேராகச் சாகவேண்டியிருந்தது. இந்த நத்தைகள் கோழி மாதிரி குஞ்சு பொரிக்கிறவை கிடையாது. முட்டை போடாமல் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குட்டி போடும். வயசுக்கு வரவே நாலைந்து வருஷம் ஆகும். ஒரே மரத்தில் பிறந்து அதே மரத்தில் செத்துப்போகிறவை ஏராளம். இலையைக்கூடத் தின்னாது. இலைமேல் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தைச் சுரண்டித் தின்னும், அதாவது மரத்துக்கு இலவசமாகத் துடைத்துவிடுகிற வேலை. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு மரத்தை மொத்தமாகக் காலிசெய்தால் அந்த மரத்தின் கதை முடிந்தது.

இப்போது பறவை.

பறவைக்கு இப்படி ஒரு நீண்ட ஏடே கிடையாது. 1973 வரை போஒஉலி என்று ஒன்று இருப்பதே எழுதப்பட்ட எந்த ஏட்டிலும் இல்லை. நிலவில் மனுஷன் நடந்து நாலு வருஷம் ஆனபிறகு, அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில், புதிதாக ஒரு பறவை! மாவி தீவின் ஹலேயாகலா எரிமலையின் வடகிழக்குச் சரிவில், மழை ஓயாத, சேறு முழங்கால் வரை இழுக்கிற காட்டில், ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கோடைகால ஆய்வுக்குப் போனார்கள். அப்போது கண்ணில் பட்டது. பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி திருடன் முகமூடி மாதிரி கறுப்பு. ரெண்டு பறவைகளைக் கொன்று மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். டோனி கேசி, ஜேம்ஸ் ஜாகோபி இருவரும் 1974-ல் பிஷப் அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் விவரித்தார்கள். புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம். ஹவாய்த் தேன்கொடிப் பறவைகள் என்கிற பெரிய குடும்பத்தில் மற்றவர்களிடமிருந்து ரொம்ப முன்னாலேயே தனிக்குடித்தனம் போன கிளை. (அந்தக் குடும்பத்தின் மூதாதை ஆசியாவிலிருந்து சில பத்து லட்சம் வருஷங்களுக்கு முன்னால் பறந்துவந்த ரோஸ்ஃபிஞ்ச் என்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் குளிர்காலத்தில் வருகிற சிவப்புத்தலைக் குருவியின் சொந்தக்காரர்கள். ஊர்ப்பாசம் விடுமா!)

போஒஉலி என்கிற பெயரும் அதன் பழைய பெயர் இல்லை. ஹவாய் மொழியில் இதற்கு என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஹவாய் மொழி அறிஞர் மேரி கவேனா புகுவியிடம் கேட்டு வாங்கிய பெயர் இது. போஒ என்றால் தலை, உலி என்றால் கறுப்பு. கருந்தலை, அவ்வளவுதான். ஆனால் இது எப்போதும் அந்த மழைக்காட்டு மூலையில் ஒளிந்திருந்த பறவையா என்றால் இல்லை. தீவின் வறண்ட பக்கத்தில், தாழ்வான இடங்களில்கூட இதன் எலும்புகள் குகைகளில் கிடைத்திருக்கின்றன. அதாவது ஒரு காலத்தில் ஜனங்கள் கண்ணெதிரே பறந்த பறவை. பெயரும் இருந்திருக்கும், யாராவது பாட்டும் கட்டியிருப்பார்கள். 1973-ல் மாணவர்கள் பார்த்தது மிச்சம் மீதியை.

ஆக, நத்தைக்கு டிக்சனிலிருந்து கடைசி மூச்சு வரை 230 வருஷ ஏடு. பறவைக்கு 31 வருஷம். என் அண்ணன் வயசைவிடக் குறைவு.

ரெண்டுக்கும் நடுவே சிக்கலான உறவு ஒன்றும் இருக்கிறது. அந்த ரெண்டு மாதிரிப் பறவைகளின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே நத்தைகள் இருந்தன! ஹவாய்த் தேன்கொடிப் பறவைகளில் இந்த அளவுக்கு நத்தையை நம்பி வாழ்ந்த இன்னொரு பறவை கிடையாது. மரப்பட்டையில் படர்ந்த பாசியைக் கொத்திப் பிய்த்து, சின்னச் சின்ன நத்தைகளையும் புழுக்களையும் சிலந்திகளையும் தின்றது. (அது தின்றது வேறு நத்தை, நம்ம அபெக்ஸ்ஃபுல்வா இல்லை. அபெக்ஸ்ஃபுல்வா ஓவாஹுக்காரர், கடலுக்கு அந்தப் பக்கம்.) மாவியில் நத்தைகள் குறைந்தது பறவையின் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். "பறவை vs நத்தை" என்று ஒப்பிடக் கிளம்பினவனுக்கு இது பெரிய தலைவலி. தனித்தனிப் பெட்டியில் போட்டால் நத்தை பறவையின் வயிற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது.

யார் கொன்றது? இங்கே ரெண்டு பேரின் குற்றப்பத்திரிகையும் கொஞ்சம் பிரிகிறது.

பறவைக்கு வந்த எமன்களில் முக்கியமானது கொசு. 1826 வரை ஹவாயில் கொசுவே கிடையாது. (இதைப் படித்தபோது பொறாமையில் வயிறு எரிந்தது.) மெக்சிகோவிலிருந்து வந்த வெலிங்டன் என்ற கப்பல் மாவியின் லஹைனா துறையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தது, பழைய தண்ணீரில் புழு இருந்தது என்பது சொல்லப்படும் கதை. காதுக்குள் பாடுகிற புதுப் பூச்சி ஒன்று வந்திருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் மிஷனரிகளிடம் போய்ச் சொன்னார்களாம். நத்தை பாடிய ஊரில் இப்போது கொசு. பின்னால் வெளிநாட்டுப் பறவைகளோடு மலேரியாக் கிருமியும் வந்தது. தீவுப் பறவைகளுக்கு அதை எதிர்க்க உடம்பில் ஒன்றுமில்லை. கொசு ஏறமுடியாத குளிர்ந்த உயரத்தில் மட்டும் அவை மிஞ்சின. போஒஉலி 1,400 மீட்டருக்கு மேலே ஒதுங்கியது அதன் விருப்பம் இல்லை.

அங்கேயும் விடவில்லை, பன்றி வந்தது. காட்டுப்பன்றி அடிக்காட்டை உழுதுபோடும். மரப்பெரணியின் தண்டைக் கிழித்து உள்ளே இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும். குடைந்த தண்டில் மழைத்தண்ணீர் தேங்கும், அதில் கொசு முட்டை போடும். ஒரு பன்றிக்கு எவ்வளவு வேலைத்திறன்! 1975-ல் சதுர கிலோமீட்டருக்கு 76 போஒஉலி என்று மதிப்பிட்ட அந்த இடத்தில் 1981-ல் 15, 1985-ல் 8. அந்த ஆறு, பத்து வருஷத்தில் பறவையை யாரும் வேட்டையாடவில்லை, மரம் வெட்டவில்லை. 1975-லேயே அழியும் நிலையில் உள்ள இனம் என்று சட்டப் பட்டியலில் சேர்த்தாயிற்று. காகிதம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பன்றிக்கு வேலி கட்டி முடிக்க 1990-கள் ஆனது.

நத்தையைக் கொன்றது? எலி, காடழிப்பு, சேகரிப்பாளர்கள் எல்லாம் உண்டு. ஆனால் இங்கேதான் அம்மாவின் வாழைத்தோட்டம் வருகிறது.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்து ஆள். மொரீஷியஸுக்குப் போய், அங்கிருந்து 1847-ல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் கையோடு கல்கத்தாவுக்கு வந்தது. தோட்டத்தில் விட்டார்கள். 1900 வாக்கில் இலங்கை. அப்புறம் மலேயா, தெற்காசியா, பசிபிக் என்று ஒரே சுற்றுலா. 1936-ல் ஹவாய் வந்துசேர்ந்தது, அதுவும் தோட்டத்துக்கு அழகு என்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு நூறு இருநூறு முட்டை. பப்பாளி, வாழை, காய்கறி ஒன்றையும் விடாது. விவசாயத் துறை தலையைப் பிய்த்துக்கொண்டது. எதிரிக்கு எதிரியைக் கொண்டுவருவோம் என்று 1955-ல் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து யூக்லாண்டினா ரோசியா என்கிற இன்னொரு நத்தையை இறக்கினார்கள். ஓநாய் நத்தை. மற்ற நத்தைகளின் வழுவழுப்புத் தடத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும். நத்தைக் கணக்கில் அது ஓட்டப்பந்தய வீரன். மரத்திலும் ஏறும். சின்ன நத்தையாக இருந்தால் ஓட்டோடு முழுங்கிவிடும்.

ராட்சத நத்தையைத் தின்றதா? ஏதோ கொஞ்சம். ஓநாய் நத்தைக்குப் பிடித்தது சின்ன நத்தை, சுலபமாகக் கிடைக்கிற நத்தை. மரத்தில் அசையாமல் உட்கார்ந்து பூஞ்சணம் சுரண்டிக்கொண்டிருந்த, ஒரே ஒரு குட்டி போடுகிற காஹூலியை அது தடம்பிடித்துப் போய்த் தின்றது. இங்கே இப்படி ஆகிக்கொண்டிருந்தபோதே 1970-களில் தாஹித்தி, மூரியா தீவுகளிலும் அதே நத்தையை அதே காரணத்துக்காக இறக்கினார்கள். அங்கேயும் பார்ட்டுலா என்கிற மரநத்தைகள் பத்து வருஷம் சொச்சத்தில் காலி. 1981-ல் ஓவாஹுவின் அகாட்டினெல்லா பேரினம் முழுவதையும், 41 இனங்களையும், ஒரே அறிவிப்பில் அழியும் பட்டியலில் போட்டார்கள். அதில் பல இனங்கள் அப்போதே இல்லை.

பறவைக்கு வந்த கொசு தெரியாமல் வந்தது. நத்தைக்கு வந்த எமனை அரசாங்க அதிகாரிகள் நல்ல எண்ணத்தோடு, சம்பளம் வாங்கிக்கொண்டு, பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கட்டுரையில் இதைச் சாதுவான நடையில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதும்போது கடுப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது 1997. இந்த வருஷத்தில்தான் நான் கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

1997-ல் மாவிக் காட்டில் மொத்தம் மூன்றே மூன்று போஒஉலி இருப்பது தெரியவந்தது. மூன்றும் தனித்தனி எல்லைகளில், ஒன்றை ஒன்று பார்க்காமல். அதே 1997-ல் ஓவாஹுவில் தெரிந்தவரை மிஞ்சியிருந்த கடைசி பத்து அபெக்ஸ்ஃபுல்வாவை மரத்திலிருந்து எடுத்து ஹவாய் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மைக்கேல் ஹாட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் இந்த நத்தைகளுக்காகவே பல வருஷமாக அங்கே வெப்பம், ஈரம் எல்லாம் கட்டுப்படுத்திய பெட்டிகளை நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரே வருஷம், ஒரே மாநிலம், ஒரே கேள்வி. பிடிப்பதா, விட்டுவைப்பதா?

நத்தைக்காரர்கள் உடனே பிடித்தார்கள். பறவைக்காரர்கள் பிடிக்கவில்லை. ஏன்? கூண்டில் செத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பறவையை அதுவரை யாரும் கூண்டில் வளர்த்ததே இல்லை. நத்தை தின்கிற பறவைக்கு என்ன போடுவது? காட்டைக் காப்பாற்றினால் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்றது ஒரு கட்சி. மூணு பறவைக்காகச் செலவழிக்கிற பணத்தில் இன்னும் நூறு, இருநூறு இருக்கிற பறவைகளைக் காப்பாற்றலாமே என்றது இன்னொரு கட்சி. ஒவ்வொரு வழியாக அலசி, அறிக்கை தயாரித்து, கருத்துக் கேட்டு... வருஷங்கள் போயின. கடைசியில் நடுவழி ஒன்றை எடுத்தார்கள். 2002 ஏப்ரலில் பெண் பறவையைப் பிடித்து, சின்ன ரேடியோக் கருவி கட்டி, ஆண் பறவையின் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட்ட மாதிரி. மறுநாளே பெண் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆணைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் மூன்றையும் பிடித்துவிடுவோம் என்ற முடிவு. மழைக்காட்டில் முகாம் போட்டு மாதக்கணக்கில் வலை விரித்தார்கள். 2004 செப்டம்பர் 9-ல் ஒன்று சிக்கியது. ஆண். வயசானது, ஒரு கண் கிடையாது. மாவியின் ஓலிண்டாவில் இருக்கும் பறவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாப்பிட்டது, தேறியது. ஜோடிக்காகத் தேடப்பட்ட மற்ற ரெண்டும் அந்த வருஷ ஆரம்பத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 78 நாள் இருந்தது. நவம்பர் 26 ராத்திரி செத்துப்போனது. உடம்பில் மலேரியாக் கிருமி இருந்தது.

செமினாரில் இந்த இடத்தில் சண்டை. "ஏழு வருஷம் தாமதம் பண்ணியே கொன்றுவிட்டார்கள்" என்று ஒரு தோழி கொதித்தாள். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். 'அதிகாரவர்க்கத்தின் தாமதம்' என்று உபதலைப்பே இருந்தது, நல்ல கம்பீரமாக. பேராசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "அப்படியானால் நத்தை ஏன் பிழைக்கவில்லை?"

ஆமாம். நத்தையை உடனே பிடித்தார்கள். எல்லாம் சரியாகச் செய்தார்கள். குட்டிகளும் பிறந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன, பெரிசு, சிறிசு எல்லாம். காரணம் பிடிபடவில்லை. கடைசியில் மிஞ்சியது கூண்டிலேயே பிறந்த ஒன்றே ஒன்று. சாகும்போது அதற்கு ஏறத்தாழ 14 வயசு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒற்றைக்கண் பறவை செத்த சமயத்தில் பிறந்தது. இந்த நத்தைகளுக்கு ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் என்றாலும் குட்டிக்கு இன்னொன்று வேணும். பத்து வருஷத்துக்கும் மேலாகக் காட்டில் தேடினார்கள், கிடைக்கவில்லை.

அதற்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். காலபகோஸ் தீவின் 'தனிமை ஜார்ஜ்' ஆமையின் நினைவாக. (டிக்சனின் பெயரும் ஜார்ஜ்தான். இது தற்செயல், ஆனால் முதல் ஓட்டை எழுதியவரும் கடைசி ஓட்டுக்காரரும் ஒரே பெயர்!) பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. 2019 புத்தாண்டு அன்று செத்தபோது உலகம் முழுக்கச் செய்தி. ஒரு கட்டைவிரல் நகம் அளவுள்ள உயிருக்கு இரங்கல் கட்டுரைகள்!

கட்டுரை எழுத ஆரம்பிக்கும்போது என் கணிப்பு நேர் எதிராக இருந்தது. பறவை என்றால் ஜனம் அழும், நத்தையை யார் சீந்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். (அம்மாவும் அதைத்தானே சொன்னார்.) ஆனால் போஒஉலிக்குச் செல்லப்பெயரே இல்லை. மூன்றையும் அவற்றின் எல்லை எண்ணை வைத்தே ஆவணங்களில் குறிப்பிட்டார்கள். செத்த பிறகும் சாவுச் சான்றிதழ் கிடைக்க இழுத்தது. உலகச் செம்பட்டியலில் அற்றுப்போனதாக 2019-ல்தான் ஏறியது. அமெரிக்க அரசின் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது 2023 அக்டோபரில், இன்னும் ஏழு ஹவாய்ப் பறவைகளோடு கும்பலாக. மற்ற ரெண்டு பறவைகளின் பிணத்தை யாரும் பார்க்கவில்லையே, எங்காவது இருந்தால்? அந்த 'எங்காவது' 19 வருஷம் தாங்கியது. பறவைக்குச் சிறகு இருப்பதால் நாம் அதற்கு எங்காவது ஒரு இடம் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறோம் என்று தோன்றுகிறது. நத்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்டியில் பத்து, எட்டு, மூணு, ஒண்ணு, பூஜ்யம். ஆய்வுக்கூட நோட்டில் எண்ணி எழுதிய கணக்கு. தேதியோடு சாவு இருந்ததால்தான் தேதியோடு துக்கமும் இருந்தது. பறவைக்கு ஒரு தேதி இருந்தும் அதைக் கடைசித் தேதி என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

'தாமதம்' உபதலைப்பை எடுத்துவிட்டேன். ஆனால் தாமதம் தப்பில்லை என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. 1997-ல் மூன்று என்பதே லேட். 1981-ல் 15 என்று எழுதினார்களே, அன்றைக்கு வேலி கட்டியிருக்கணும். நத்தைக்கும் 1997 லேட். 1955-க்கு முன்னாலேயே யாராவது அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கணும். கடைசி ஆளைச் சுற்றி நாம் நடத்துகிற விவாதம் எல்லாம் உண்மையான முடிவுகள் எடுக்கப்பட்டு ரொம்ப நாள் கழித்து நடக்கிறது. எங்கள் கட்டுரைகளும் கடைசி நாளையே பிடித்துத் தொங்குகின்றன. பேராசிரியரிடம் செமினார் தலைப்பே தப்பு என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். மார்க் என்ன வருமோ தெரியாது :-(

ரெண்டு பேரும் இப்போது ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லணும். போஒஉலியின் திசு செல்கள் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 'உறைந்த உயிரியல் பூங்கா' என்கிற இடத்தில், திரவ நைட்ரஜன் குளிரில் இருக்கின்றன. 2017-ல் ஜார்ஜின் பாதத்திலிருந்து ரெண்டு மில்லிமீட்டர் துண்டு ஒன்றை நறுக்கி அதே இடத்துக்கு அனுப்பினார்கள். மாவிக் காட்டிலும் ஓவாஹு காட்டிலும் சந்தித்தே இராத ரெண்டு பேர்.

ஓலிண்டா காப்பகம் இன்னும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மாவி தீப்பிடித்தபோது நெருப்பு அதன் வேலி வரை வந்தது. வேலை பார்க்கிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தோட்டக்குழாயையும் தீயணைப்பானையும் பிடித்து நின்று உள்ளே இருந்த பறவைகளைக் காப்பாற்றினார்கள். அதே 2023-ல் மாவிக் காட்டில் ஹெலிகாப்டரிலிருந்து ஆண் கொசுக்களைக் கொட்டத் தொடங்கினார்கள், முட்டை பொரிக்காமல் செய்கிற பாக்டீரியாவோடு. கொசுவை ஒழிக்கக் கொசு. 1955 ஞாபகம் வந்து எனக்குத் திக்கென்றது. ஆனால் இது புது இனம் இல்லை, ஏற்கெனவே இருக்கிற கொசுவேதான், கடிக்காத ஆண் மட்டும். மிச்சமிருக்கிற பறவைகளுக்கு இதைவிட்டால் வேறு வழியும் பெரிதாக இல்லை.

நேற்று அம்மாவிடம் மறுபடி பேசினேன். கல்கத்தாவிலிருந்து ஓநாய் நத்தை வரை கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஆச்சரியம்தான். கடைசியில், "அப்பம் நான் கொல்லுகது சரிதானே?" என்றார். கூம்பு மாதிரி நீளமா, பழுப்புக் கோடு போட்டு, உள்ளங்கை அளவுக்குப் பெருசா இருந்தா சரிதான், சின்னதா மரத்துல ஒட்டிட்டிருக்கறது நம்ம ஊரு நத்தையா இருக்கும், அத விட்டுருங்கம்மா என்றேன்.

"குட்டியா இருக்கம்போ எல்லாம் ஒண்ணுபோலத்தான் மக்ளே இருக்கு. எதுன்னு பாத்து உப்பு போடுகது? போட்டோ எடுத்து அனுப்புகேன், நீ பாத்துச் சொல்லு."

இன்று காலையில் ஏழு படம் வந்திருக்கிறது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு எதுவென்று சத்தியமாகத் தெரியவில்லை. நத்தை தெரிந்த பதிவர் யாராவது இருந்தால் கை கொடுங்கள், அம்மா உப்போடு காத்திருக்கிறார்.